பத்தரை பவுண்டில் லண்டன்: ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து அம்மா வந்திருந்தபோது, லண்டனைச் சுற்றிப் பார்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பழைய அரச கோட்டையான டவர் ஆஃப் லண்டனின் நுழைவுக் கட்டணத்தைச் சொன்னேன். உதடு அசைய அதை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, "படத்தில் பார்த்தது போதும்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்தக் கணக்கைக் குறை சொல்ல முடியாது. விளம்பரத்தில் வரும் லண்டன் அந்த விலைதான். ஆனால் இந்த ஊரில் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடத்திலிருந்து ஐந்து பேர் காலையில் கிளம்பி, உலகின் மிகப் பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப 10.50 பவுண்டுதான் ஆகும். அதுவும் பஸ் செலவு மட்டும். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கீழே வரும் பஸ், ரயில் கட்டணங்கள் 2025ஆம் ஆண்டுக்குரியவை. வழக்கமாக மார்ச் மாதத்தில் மாறும் என்பதால் கிளம்பும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயதுக் கணக்கு

வீட்டில் யாருக்கு என்ன வயது என்பதில்தான் செலவே இருக்கிறது. பஸ்ஸில் 11 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் கிடையாது, அட்டையும் வேண்டாம். பாதாள ரயில், டிஎல்ஆர் என்ற இலகு ரயில், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன் ரயில்கள் ஆகியவற்றிலும் கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு பத்து வயது வரையுள்ள நான்கு குழந்தைகள் இலவசமாகப் போகலாம். குழந்தையிடம் அட்டை இல்லையே, கதவு எப்படித் திறக்கும் என்று தயங்க வேண்டாம். ஓரத்தில் அகலமான கதவு இருக்கும். அங்கே நிற்கும் ஊழியரிடம் குழந்தையைக் காட்டினால் திறந்துவிடுவார்.

11 முதல் 15 வரை உள்ளவர்கள் லண்டன்வாசிகள் என்றால் 'சிப் ஓய்ஸ்டர்' என்ற படம் ஒட்டிய அட்டைக்குப் பெற்றோர் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது கையில் இருந்தால் பஸ் இலவசம், பாதாள ரயிலில் பாதிக் கட்டணம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு பஸ் இலவசம் என்ற ஏற்பாடு 2005இல், கென் லிவிங்ஸ்டன் மேயராக இருந்தபோது வந்தது. விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது என்றால் அவனுக்குச் சாதாரண ஓய்ஸ்டர் அட்டை (பணம் ஏற்றிவைத்துப் பயணத்தில் தொடும் அட்டை) ஒன்றை வாங்கி, பாதாள ரயில் நிலைய ஊழியரிடம் 'இளம் பயணி' சலுகையை அதில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். 14 நாட்களுக்குப் பாதிக் கட்டணம். இது தெரியாமல் முழுக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களை ஒவ்வொரு ஆகஸ்டிலும் பார்க்கிறேன்.

லண்டனில் குடியிருக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகும், வார இறுதியில் நாள் முழுவதும் இலவசம் தரும் அட்டை உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு அது கிடையாது. அவர் பெரியவர் கணக்கில்தான் வருவார்.

ஆக, எங்கள் வீட்டில் கட்டணம் செலுத்துபவர்கள் மூன்று பேர்: நான், மனைவி, அம்மா. பன்னிரண்டு வயது மகனுக்கு சிப் அட்டை. ஏழு வயது மகளுக்கு எதுவும் வேண்டாம்.

அட்டையில் நான் செய்த பிழை

2014 ஜூலையிலிருந்து லண்டன் பஸ்களில் பணம் வாங்குவதில்லை. வங்கி அட்டை, கைபேசி, ஓய்ஸ்டர் இவற்றில் ஏதாவது ஒன்றை மஞ்சள் வட்டத்தில் தொட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். பாதாள ரயிலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். ஒருவருக்கு ஓர் அட்டை என்பது விதி. கணவனும் மனைவியும் ஒரே வங்கி அட்டையை அடுத்தடுத்துத் தொட முடியாது.

எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே வங்கிக் கணக்காகவே இருந்தாலும் பிளாஸ்டிக் அட்டையும் கைபேசியில் ஏற்றிவைத்த அட்டையும் இந்த இயந்திரத்துக்கு இரண்டு வேறு ஆட்கள். வந்த புதிதில் ஒரு நாள் கைபேசியைத் தொட்டு உள்ளே போனேன். இறங்கும் இடத்தில் கைபேசிக்கு உயிர் இல்லை. சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டு வெளியே வந்தேன். முடிக்காத பயணங்கள் இரண்டு என்று பதிவாகி, இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடித்துக்கொண்டார்கள். இணையத்தில் அட்டையைப் பதிவு செய்து முறையிட்டால் திரும்பக் கிடைக்கும் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. காலையில் எதைத் தொட்டீர்களோ, இரவு வரை அதையே தொடுங்கள். வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் ஒவ்வொரு நாளும் வங்கி ஏதாவது பிடித்துக்கொள்ளக்கூடும். விருந்தினருக்கு ஓய்ஸ்டர்தான் நல்லது.

நாள் வரம்பு என்று ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் மட்டும் போனால் ஒரு நாளில் 5.25 பவுண்டுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள், எத்தனை பஸ் ஏறினாலும் சரி. பாதாள ரயிலையும் சேர்த்து, நகரின் மையத்திலுள்ள முதல் இரண்டு கட்டண மண்டலங்களுக்குள் சுற்றினால் வரம்பு 8.90 பவுண்டு. நீங்கள் எதையும் கணக்கிட வேண்டாம், இயந்திரமே பார்த்துக்கொள்ளும். கடைகளில் விற்கும் நாள் முழுவதற்குமான காகிதப் பயணச்சீட்டு இதைவிட அதிக விலை. பழக்கத்தில் அதை வாங்கிவிடாதீர்கள்.

பஸ்தான் முதல் வேடிக்கை

ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் பாதாள ரயிலில் போனால் விரைவாகப் போய்விடலாம். செலவு கிட்டத்தட்ட இரு மடங்கு. நகரின் மையத்தை நெருங்கியதும் வழியெல்லாம் சுரங்கச் சுவர். குழந்தைகளும் வயதானவர்களும் உடன் இருந்தால் நான் பஸ் கட்சி.

ஒரு பஸ் பயணம் 1.75 பவுண்டு. 2016இல் சாதிக் கான் மேயராக வந்தபின் கொண்டுவந்த 'ஹாப்பர்' ஏற்பாட்டின்படி, முதல் பஸ்ஸில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே 1.75தான். கடைசி பஸ்ஸில் ஏறும் நேரம்தான் கணக்கு. 59ஆவது நிமிடத்தில் ஏறி, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்து போனாலும் கேள்வி இல்லை.

ஈஸ்ட் ஹாமிலிருந்து 115ஆம் எண் பஸ் ஆல்ட்கேட் வரை போகிறது. அங்கிருந்து 15ஆம் எண் பஸ் டவர் ஆஃப் லண்டன், செயின்ட் பால்ஸ் பேராலயம், ஃப்ளீட் தெரு, ஸ்ட்ராண்ட் வழியாக டிரஃபால்கர் சதுக்கம் பக்கம் கொண்டுவிடும். சுற்றுலா பஸ் காட்டும் இடங்களில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. பார்கிங் ரோட்டில் நெரிசல் என்றால் 115 ஆல்ட்கேட் போய்ச் சேர ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடக்கூடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: இரண்டு பஸ்களும் பாப்லர் பக்கத்திலிருந்து கமர்ஷியல் ரோடு முழுக்க ஒரே சாலையில்தான் போகின்றன. கடிகாரத்தைப் பார்த்து, ஐம்பது நிமிடம் ஆனதும் இடையிலேயே இறங்கி 15 ஏறிவிடுங்கள்.

மாடியில் முன்வரிசைதான் நல்ல இடம். அது காலியாகும் வரை பின்னால் உட்கார்ந்து காத்திருந்து, காலியானதும் ஓடிப் பிடிக்கும் கலையில் என் மகள் தேர்ந்துவிட்டாள். தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் கீழ்த்தளத்தில் நடுக்கதவுக்கு எதிரே இடம் உண்டு. சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் வண்டியை மடித்து இடம் விட வேண்டும்.

போக 1.75, திரும்ப 1.75. மூன்று பெரியவர்களுக்கு 10.50. செலவு முடிந்தது.

இறங்கியதும்

டிரஃபால்கர் சதுக்கத்தின் வடக்குப் பக்கம் முழுவதும் தேசிய ஓவியக்கூடம். நுழைவு இலவசம். ஆனால் காலையில் முதல் வேலையாக ஓவியம் பார்க்கக் குழந்தைகள் பொறுமை காட்ட மாட்டார்கள். ஐந்து நிமிடம் தெற்கே நடந்தால் ஹார்ஸ் கார்ட்ஸ். வார நாட்களிலும் சனிக்கிழமையும் 11 மணிக்கு, ஞாயிறு 10 மணிக்குக் குதிரைப்படைக் காவல் மாறும். எல்லோரும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஓடுவார்கள். அங்கே குழந்தைகளுக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகுதான். ஹார்ஸ் கார்ட்ஸில் குதிரையின் மூச்சே கேட்கும்.

அதை ஒட்டியே செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. ஏரியில் கூழைக்கடாக்கள் இருக்கின்றன. முதல் பறவைகளை 1664இல் ரஷ்யத் தூதர் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தார். கொண்டுவந்த புளிச்சாதத்தைத் திறக்க இது நல்ல இடம். பறவைகளுக்கு மட்டும் போட வேண்டாம்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பின்வாசல் வழியே

இங்கிருந்து வடக்கே இருபத்தைந்து நிமிட நடையில் பிரிட்டிஷ் மியூசியம். 1759இல் திறந்த நாளிலிருந்தே இலவசம். 1974இன் தொடக்கத்தில் சில மாதங்கள் மட்டும் அரசு கட்டணம் வசூலித்துப் பார்த்துக் கைவிட்டது. மற்ற பல தேசிய அருங்காட்சியகங்கள் 1980களில் கட்டணம் வைத்தன. 1999இல் குழந்தைகளுக்கும், 2000இல் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் இலவசமாகி, 2001 டிசம்பரில் எல்லோருக்கும் என்று ஆனது. இலவசமாக நடத்தினாலும் தாங்கள் செலுத்திய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம் என்று சட்டத்தை மாற்றியதுதான் இதைச் சாத்தியமாக்கியது. இலவசம் நிரந்தரக் காட்சிகளுக்குத்தான். சிறப்புக் கண்காட்சி என்று தனி வாசலும் தனி வரிசையும் தெரிந்தால் அதற்கு டிக்கெட் உண்டு. வாசலில் இருக்கும் நன்கொடைப் பெட்டி கட்டாயமில்லை. சில்லறை இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் குற்ற உணர்வு வேண்டாம்.

தூண்கள் நிற்கும் முன்வாசலில் பாதுகாப்புச் சோதனைக்கு நீண்ட வரிசை நிற்கும். கட்டடத்தைச் சுற்றி மான்டேக் பிளேஸ் பக்கம் போங்கள். அந்த வாசலில் பெரும்பாலும் கூட்டம் குறைவு. இன்னொரு லாபமும் உண்டு: அதன் வழியே நுழைந்தால் தெற்காசியப் பொருட்கள் இருக்கும் 33ஆம் கூடம் பக்கத்திலேயே வந்துவிடும்.

அங்கே சோழர் காலத்து நடராசர் இருக்கிறார். ஒட்டிய 33அ கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அமராவதிச் சிற்பங்கள். அம்மா இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். பிறகு ஒரு சிலையின் முன்னால் நின்றார். பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரா, பௌத்தப் பெண் தெய்வம். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், ஒல்லி இடை, வலது கை வரம் கொடுக்கும் பாவத்தில் கீழே நீண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விளக்கப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று மகனிடம் கேட்டார். அவன் படித்துச் சொன்னான்: இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே கிடைத்தது.

"நம்முடைய பக்கம்" என்றார் அம்மா. பிறகு, "இங்கே எப்படி வந்தாள்?" என்று கேட்டார். கண்டியைப் பிடித்த ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் 1830இல் இந்த மியூசியத்துக்குக் கொடுத்தார் என்று சொன்னேன். "அவருடையதா, அவர் கொடுப்பதற்கு?" என்று மகள் கேட்டாள். ஏழு வயதுக்கு நல்ல கேள்வி. அங்கேயே தரையில் உட்கார்ந்து கால் மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். அன்று மம்மிகளையும் பார்க்கவில்லை, ரொசெட்டாக் கல்லையும் பார்க்கவில்லை.

நுழைவு இலவசம் என்பதன் உண்மையான பயன் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நூறு பவுண்டு கொடுத்து உள்ளே போயிருந்தால் குழந்தைகளைத் தரதரவென்று எல்லாக் கூடங்களுக்கும் இழுத்திருப்பேன். ஒரு நாளைக்கு ஒரு கூடம், மிஞ்சினால் இரண்டு. மற்றவை அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருப்பதால் பள்ளி விட்ட பிறகும் போகலாம்.

சவுத் கென்சிங்டன்: நேரம் முக்கியம்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் இலவசம். நிலையத்திலிருந்து நேராக அங்கே போகும் நடைச்சுரங்கம் இருப்பதால் மழை பொருட்டல்ல. ஆனால் நிலையத்தில் படிக்கட்டுகள் அதிகம், தள்ளுவண்டியோடு போனால் கை வலிக்கும். 14ஆம் எண் பஸ் அந்த வாசலுக்கே போகிறது.

பள்ளி விடுமுறை வாரத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போவது, தைப்பூசத்தன்று பழனிக்குப் போய்க் கூட்டம் என்று புலம்புவது போலத்தான். ஞாயிறு காலை பத்து மணிக்கு, கதவு திறக்கும்போது நில்லுங்கள். நேரம் குறித்த இலவசச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. 2017 முதல் நடுக்கூடத்தில் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு வாயைத் திறந்தபடி பாயும் நிலையில் தொங்குகிறது, 25 மீட்டருக்கும் சற்று அதிக நீளம். 1891இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. மாடிப் படியேறி அதன் தலைக்கு நேரே நின்று பாருங்கள். கீழிருந்து பார்ப்பது வேறு.

அறிவியல் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் 'தி கார்டன்' என்று சின்னக் குழந்தைகள் தண்ணீரில் விளையாடும் பகுதி உண்டு, இலவசம். 'வொண்டர்லேப்' என்ற அறிவியல் விளையாட்டுக்கூடத்துக்கு மட்டும் கட்டணம். குழந்தைகள் கண்ணில் பலகை படும் முன்பே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் உள்முற்றத்தில் ஆழமில்லாத நீள்வட்டக் குளம் ஒன்று குழந்தைகளால் நிரம்பியிருக்கும். கணுக்கால் அளவு தண்ணீர் என்று நம்பி மாற்றுடை இல்லாமல் போனோம். மகள் முழுதாக நனைந்து, என் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வந்தாள். துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரீனிச்: ஆற்றுக்கு அடியில் நடப்பது

இது இரண்டாவது நாளுக்கு. டிஎல்ஆர் ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது. முன் இருக்கை கிடைத்தால் குழந்தைதான் ஓட்டுநர். கிரீனிச் வரை போகாமல், ஆற்றைக் கடக்கும் முன் கடைசி நிறுத்தமான ஐலண்ட் கார்டன்ஸில் இறங்குங்கள். ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூரைக் கட்டடம் தெரியும். அதற்குள் சுழற்படி, கீழே தேம்ஸுக்கு அடியில் 1902இல் கட்டிய நடைச்சுரங்கம். 370 மீட்டர், வெள்ளை ஓடுகள் பதித்த குழாய். கட்டணம் இல்லை. குழந்தைகள் கத்துவார்கள், எதிரொலி கேட்கும், கத்தட்டும். லிஃப்ட் அடிக்கடி வேலை செய்வதில்லை. முழங்கால் வலிக்காரர்கள் ரயிலிலேயே மறுகரை போய்விடலாம்.

மேலே ஏறினால் கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பல். வெளியே நின்று பார்ப்பது இலவசம், உள்ளே கட்டணம். சற்று நடந்தால் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம், இலவசம். டிரஃபால்கர் சதுக்கத்தில் தூணின் உச்சியில் சிலையாக நிற்கிறாரே கடற்படைத் தளபதி நெல்சன், 1805இல் அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த மேலங்கி இங்கே இருக்கிறது. இடது தோளில் குண்டு துளைத்த ஓட்டை. சிலையைப் பார்த்துக் கொட்டாவி விட்ட மகன் இந்த ஓட்டையின் முன்னால் பத்து நிமிடம் நின்றான். சதுக்கத்தை முதலில், அங்கியைப் பிறகு என்ற வரிசை முக்கியம்.

குன்றின் மேல் வானாய்வுக்கூடத்துக்கு டிக்கெட் உண்டு. முற்றத்தில் பூஜ்ஜியத் தீர்க்கரேகைக் கோட்டில் கால் வைத்துப் படம் எடுக்கத்தான் எல்லோரும் அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்கள். முற்றத்துக்கு வெளியே, சுவரை ஒட்டிய நடைபாதையிலும் அதே கோடு குறிக்கப்பட்டிருக்கிறது.

கூட்டமில்லாத சில இடங்கள்

வெஸ்ட் இந்தியா கீயில் 1802ஆம் ஆண்டின் சர்க்கரைக் கிடங்கு ஒன்று இன்று லண்டன் மியூசியம் டாக்லண்ட்ஸ். சர்க்கரையும் அடிமை வணிகமும் எப்படி ஒன்றையொன்று வளர்த்தன என்பதற்கு ஒரு முழுக் கூடம். மலையகத்து ரயில், தேயிலைக் கதைகள் தெரிந்த நம்மவர்களுக்கு அது புதிதாக இருக்காது. சிறு குழந்தைகளுக்குத் தனி விளையாட்டுக்கூடமும் உண்டு. பெத்னல் கிரீனில் 2023இல் மீண்டும் திறந்த யங் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், கைக்குழந்தை முதல் பதின்மூன்று, பதினான்கு வயது வரை உள்ளவர்களுக்காகவே அமைந்தது. வார நாளில் விடுமுறை கிடைத்தால் இங்கிலாந்து வங்கியின் அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டியின் துளையில் கையை விட்டு 13 கிலோ தங்கப் பாளத்தைத் தூக்கிப் பார்க்கலாம். நகரை உயரத்திலிருந்து பார்க்க ஸ்கை கார்டன், அல்லது ஹொரைசன் 22. இரண்டும் இலவசம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். சீட்டு வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால் மாலை நேரத்துக்கு ஆசைப்படாமல் வார நாள் காலையைத் தேடுங்கள்.

சாப்பாடும் கழிப்பறையும்

அருங்காட்சியக உணவகத்தில் ஐந்து பேர் சாப்பிட்டால் நாள் முழுவதும் மிச்சம் பிடித்தது போய்விடும். வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோங்கள். இயற்கை வரலாற்று, அறிவியல் அருங்காட்சியகங்கள் இரண்டிலும் கொண்டுவந்ததைச் சாப்பிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். குளிர் நாளில் ஆறினாலும் நன்றாக இருப்பவை மட்டும்: எலுமிச்சைச் சாதம், இடியாப்பப் புரட்டல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. சாம்பாருக்கு ஆசைப்பட்டுப் பை முழுக்க மஞ்சளாக்கிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. பாதாள ரயில் நிலையங்களில் கழிப்பறை கிடைப்பது அரிது. ஒவ்வோர் அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பும்போதும், வருகிறதோ இல்லையோ, எல்லோரையும் ஒரு முறை அனுப்பிவிடுங்கள்.

கட்டண இடங்களுக்குப் போயே ஆக வேண்டுமென்றால்

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்கு டவர் ஆஃப் லண்டனில் ஆளுக்கு ஒரு பவுண்டு டிக்கெட் இருக்கிறது. கியூ தாவரவியல் பூங்காவிலும் அப்படித்தான். தகுதி இருந்தும் கூச்சப்பட்டுக் கேட்காதவர்கள் நம்மிடையே நிறைய. இணையத்தில் முன்பதிவு செய்து, வாசலில் சான்றைக் காட்டினால் போதும். மற்ற டிக்கெட்டோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கோடையில் 'கிட்ஸ் வீக்' என்ற பெயரில், பெரியவர் ஒருவர் டிக்கெட் வாங்கினால் 17 வயது வரையுள்ள ஒருவருக்கு நாடகம் இலவசம் என்று வெஸ்ட் எண்ட் அரங்குகள் அறிவிக்கும். பெயரில்தான் வாரம், காட்சிகள் பல வாரம் நடக்கும்.

அம்மா அந்தச் சலுகை எதையும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மகன் பள்ளியிலிருந்து வந்ததும் ஓய்ஸ்டர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டியிருந்தார். 115 எத்தனை மணிக்கு என்று அவனிடம் கேட்டார்.